கார்ப்பெட்டைக் கழுவிவிடாதே

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

டீலரிடம் நீ வாங்கி ஏமாந்த பழைய காரைப் பற்றி நேற்று பேசியதை அப்பாவும் கேட்டுவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். "வேற எவன் தலையிலயாவது கட்டிட்டுர்றேன்மா" என்று நீ சொன்னதும் எழுந்து வாசலுக்குப் போனவர்தான். ராத்திரி சாப்பிடும்போது, "வாங்குறவன் வீட்லயும் கைக்குழந்தை இருந்தா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். சீட்டுக்கு அடியில் கம்பியெல்லாம் துரு. பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் வருகிற இடத்தில் பழுப்புக் கறை. ஸ்டெப்னி குழியில் வண்டல். "இது மழையில நனைஞ்ச வண்டி இல்ல, தண்ணியில நின்ன வண்டி" என்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின! 2015லும் இதே கூத்துதான். முழு நட்டம் என்று இன்சூரன்ஸில் கணக்கு முடித்த வண்டிகள் ஏலத்துக்குப் போகும். துடைத்து, பாலிஷ் போட்டு, அதில் சிலது திரும்பவும் விற்பனைக்கு வந்து நிற்கும். ஒயரிங்கில் இறங்கிய ஈரம் மட்டும் மாதக்கணக்கில் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். ஏர்பேக் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்றாயே, அதை விளையாட்டாக எடுக்காதே. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு பஸ்ஸில் போ.

ரசீதில் 'உள்ளது உள்ளபடி' என்று அந்த டீலர் கையெழுத்து வாங்கிவிட்டார், இனி என்ன செய்ய முடியும் என்கிறாய். டயர் தேய்ந்திருக்கிறது, பெயிண்ட் மங்கியிருக்கிறது என்று சண்டைக்குப் போனால் அந்த வரி அவருக்குத் துணை நிற்கும். பழைய வண்டிதானே. ஆனால் "தண்ணி படாத வண்டி சார்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பியிருக்கிறாரே! பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். புதுப்பொருளுக்கு மட்டும்தான் என்று அதில் கிடையாது. அந்த மெசேஜை இப்போதே படம் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பு.

"நான் புரோக்கர்தான், ஓனரைக் கேளுங்க" என்று நழுவுவார் பார். வியாபாரி இல்லாத தனி ஆளிடம் வாங்கியிருந்தால் கன்சூமர் கோர்ட் நமக்கு உதவாது, அது அவருக்கும் தெரியும். ஆனால் 4,20,000 ரூபாய் யார் கணக்குக்குப் போனது? அவருடைய கடைக் கணக்குக்கு. கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், அந்த ஒரு வரி போதும். பழைய வண்டி விற்கிற டீலர், ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரலிலிருந்து விதியே இருக்கிறது. அவரிடம் இருக்கிறதா என்று கேள்.

நீ பிறக்கும் முன், 1996ல், நாங்கள் ஒரு பழைய அம்பாசடர் வாங்கினோம். என்ஜின் பிளாக்கில் விரிசல், மேலே வெல்டிங். விற்றவர் மரியாதைக்காரர். போகும்போதெல்லாம் காபி வாங்கித் தருவார், "அடுத்த வாரம் பண்ணிடலாம் சார்" என்பார். அந்தக் காபியிலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவும் இரண்டு வருஷம்தான், இன்றைக்கும் அதேதான். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்க அப்பா கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

அதனால் இனி அவருக்குப் போன் போடாதே, எழுது. முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டி, என்ன கோளாறு, எதனால் என்று எழுத்தில் வாங்கு. சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் பழைய சர்வீஸ் கணக்கும் அப்போது ஓடியிருந்த கிலோமீட்டரும் தெரிய வாய்ப்புண்டு. அதையெல்லாம் இணைத்து, பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி 15 நாள் கெடுவோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பு. அசையவில்லையா, நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசு. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, நீ குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நீ அதை நம்பி நாள் எண்ணாதே, இழுக்கும்.

வண்டி கையைவிட்டுப் போனால் இதில் ஒன்றும் நடக்காது. அதோடு, அந்த டீலர் உனக்குச் செய்ததை நீ இன்னொருவனுக்குச் செய்திருப்பாய். இதை அப்பா உன்னிடம் நேரில் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறார். டார்ச்சும், வண்டிக்கு அடியில் விரித்துப் படுக்க ஒரு பழைய போர்வையும் இப்போதே பையில் எடுத்து வைத்தாயிற்று. ஸ்டேஷனுக்கு அவரைக் கூப்பிட அந்தக் காரில் போய்விடாதே. நாற்றம் தாங்கவில்லை என்று கார்ப்பெட்டையும் கழுவிவிடாதே. அவர் வந்து பார்க்கிறவரை அந்தச் சேறு அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா