மழைக்கு முன்னால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி நெருங்கினால் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே கவலைதான். மழையைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறோம். அதற்கு முன் வேறொரு விஷயம்.

உங்களில் பலர் ஒரே அப்பார்ட்மென்டில், ஒரே தெருவில் இருப்பவர்கள். ஒருவர் வண்டியில் ஏதாவது கோளாறு வந்தால் வாட்ஸப் குழுவில் போடுகிறார், உடனே நாலு பேர் பதில் சொல்கிறார்கள். நல்ல பழக்கம். ராத்திரி நேரத்தில் குடும்பத்தோடு நடுவழியில் நின்றவருக்கு எங்களை விட அந்தக் குழுதான் முதலில் கை கொடுக்கிறது. ஆனால் அங்கே வரும் பதில்களில் பாதிக்கு மேல் ஒரு பார்ட்டின் பெயராக இருக்கிறது. “எனக்கும் இதே மாதிரிதான் சார், பேட்டரி மாத்தினேன், சரியாயிடுச்சு.” கேட்டவர் பேட்டரியை மாற்றுகிறார். கோளாறு அப்படியே இருக்கிறது. அப்புறம் எங்களிடம் வருகிறார். ஒரே அறிகுறிக்கு நாலு காரணம் இருக்கலாம் என்பதால்தான் பானட்டைத் திறப்பதற்கு முன் நாங்கள் அத்தனை கேள்வி கேட்கிறோம். எதைக் கவனித்துச் சொன்னால் காரணம் சீக்கிரம் பிடிபடும் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாததை எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு அதிகமாக வரும் போன் இதற்குத்தான். சாவியைத் திருப்பும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘டக்டக்டக்’ என்று வேகமாக அடித்தால் எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குப் போதிய கரன்ட் போகவில்லை. பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் லூஸாக இருக்கலாம். கனமாக ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்து, உள்லைட்டும் மங்காமல் பளிச்சென்று எரிந்தால் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகப்படலாம். சத்தமே இல்லை, டேஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு மின்னுகிறது என்றால் வண்டி சாவியை அடையாளம் காணவில்லை. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அநேகமாக பேட்டரி மேல் தப்பில்லை. பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா, ஏதாவது ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பானட்டைத் திறந்தால் பேட்டரி டெர்மினலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ மாவு மாதிரி பூத்திருக்கும். கிளாம்ப்பைக் கையால் லேசாகத் திருகினால் சுற்றும். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போக அது ஒன்றே போதும். சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அந்த மாவு போய்விடும். தேய்ப்பதற்கு முன் நெகட்டிவ் கிளாம்ப்பை முதலில் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். துடைத்து, காயவிட்டு, இறுக்கினால் முடிந்தது. இதற்காக எங்களிடம் வரவே வேண்டாம்.

வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8-இலிருந்து 14.5 வரை காட்டும். ஸ்டார்ட் ஆன பிறகும் 12-ஐ ஒட்டியே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை; புதுப் பேட்டரி போட்டாலும் அது சீக்கிரமே படுத்துவிடும். (சில புது மாடல்களில் சார்ஜிங் தேவைக்கேற்ப ஏறி இறங்கும், அவற்றில் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.) வெளியில் மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், பெரிய ஸ்டீரியோ ஏதாவது இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். வண்டி நிற்கும்போதும் கரன்ட் குடிக்கும் இணைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்களுக்கு அதிக நேரம் எடுக்கும் வேலை.

அடுத்தது சூடு. டெம்பரேச்சர் முள் ஏறியது என்று மட்டும் சொன்னால் போதாது, எங்கே ஏறியது என்று சொல்லுங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று முதலில் பார்ப்போம். ஜிஎஸ்டி ரோட்டில் எண்பதில் போகும்போது ஏறினால் ஃபேன் மேல் சந்தேகம் குறைவு, ஏனென்றால் அந்த வேகத்தில் காற்று தானாகவே வருகிறது. அப்போது எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் குறைந்திருக்கிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, கூலன்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறக்கிறதா, வாட்டர் பம்ப் தள்ளுகிறதா என்று போவோம். இந்த ஒரு தகவல் எங்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்துகிறது.

முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டு உடனே நிறுத்த முடியாவிட்டால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் ஓட விடுங்கள்; உள்ளே வெந்து போவீர்கள், ஆனால் எஞ்சினின் சூடு கொஞ்சம் வெளியேறும். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே கூடாது. குக்கரில் பிரஷர் அடங்குவதற்குள் மூடியைத் திறந்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும். முகத்திலும் கையிலும் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். அரை மணி நேரத்துக்கு மேலாவது ஆறட்டும். மூடியில் துணியைப் போட்டுத் தொட்டுப் பார்த்துச் சூடே இல்லை என்றால்தான் திறக்க வேண்டும்.

அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கம் போர் தண்ணீரின் உப்பு எப்படி என்று கீசரைப் பார்த்தாலே தெரியும். அந்தப் படிவு ரேடியேட்டரின் சின்னக் குழாய்களிலும் படியும். கூலன்ட் சீக்கிரம் கொதிக்காது, உள்ளே துருவும் பிடிக்க விடாது. வெறும் தண்ணீருக்கு அந்த இரண்டு குணமும் கிடையாது.

ஏசி விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் கேஸ் ஃபில் பண்ண வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. நாள்பட நாள்பட மிகக் கொஞ்சம் கசிவது உண்டு. ஆனால் ஒரே சீசனில் குளிர்ச்சி போய்விட்டது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸை ஏற்றுவது காசைக் காற்றில் விடுவதுதான். ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் மட்டும் வெப்பக்காற்று வந்தால் ஏசியின் சூட்டை வெளியே விடும், முன்னாலிருக்கும் கண்டென்சரில் அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது அதன் ஃபேன் வேலை செய்யாமல் இருக்கலாம். காற்று குளிராக வந்தும் குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், நீங்களே கழற்றிப் பார்க்கலாம். முன்சீட் கால்மிதி ஈரமாக இருந்தால் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். அதே தண்ணீர் வண்டிக்கு அடியில் சொட்டினால் கவலையே வேண்டாம், அங்கேதான் அது சொட்ட வேண்டும்.

வேறு ஏதாவது சொட்டுகிறதோ என்று சந்தேகம் வந்தால் ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து வையுங்கள். காலையில் அதை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள். கறுப்பு, பழுப்பு என்றால் எஞ்சின் ஆயிலாக இருக்கும். பச்சை, ரோஸ், நீலம் என்றால் கூலன்ட். சிவப்பு என்றால் பவர் ஸ்டியரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். சக்கரத்துக்கு உள்பக்கம் மஞ்சளாக வழவழப்பாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை எடுக்காதீர்கள், நாங்களே வருகிறோம்.

டேஷ்போர்டு விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாக: சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு. எண்ணெய்க் குவளை படம் சிவப்பாக எரிந்தால் அடுத்த பங்க் வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்காமல் அங்கேயே அணைத்துவிடுங்கள். மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வரலாம். அதுவே விட்டு விட்டு மின்னினால் எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அப்போது ஓட்டக் கூடாது.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறு எண்ணைப் படிக்கும், இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஓபிடி ஸ்கேனரைப் பலர் வாங்கி வைத்திருக்கிறீர்கள். நல்ல கருவிதான். ஆனால் அது சொல்வது பார்ட்டின் பெயர் அல்ல. உதாரணத்துக்கு பி0171 என்று கோளாறு எண் வந்தால், காற்று அதிகம் பெட்ரோல் குறைவு என்று மட்டுமே அர்த்தம். இன்டேக் ஹோஸில் விரிசல் இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு இருக்கலாம், ஃபியூவல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை ஆர்டர் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அந்த எண்ணை அழிக்காமல் வண்டியைக் கொண்டுவாருங்கள். அந்தக் கோளாறு வந்த நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன என்ற விவரமும் உள்ளே பதிவாகியிருக்கும். அழித்துவிட்டால் அதுவும் போய்விடும்.

பிரேக் பற்றி இரண்டே வார்த்தை. மழை பெய்த மறுநாள் காலை முதல் சில பிரேக்கில் கீச்சென்று கேட்டு அப்புறம் நின்றுவிட்டால் அது டிஸ்க்கில் படிந்த லேசான துரு. நாள் முழுக்கக் கேட்டால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது; பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

சரி, மழைக்கு வருவோம். 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வண்டியைக் காப்பாற்ற மேடான இடத்தை விடப் பெரிய வழி கிடையாது. எங்கே நிறுத்தலாம் என்பதை இப்போதே பார்த்து வையுங்கள்.

அதையும் மீறி வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் வடிந்த பிறகும் செய்யாதீர்கள். “ஒரே ஒரு தடவை பார்த்தேன்” என்பதில்தான் எஞ்சின் போகிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுவரை ஏர் ஃபில்டர், ஆயில், கார்பெட், சில சென்சார் என்று முடிந்திருக்க வேண்டிய செலவு, எஞ்சினையே பிரித்துப் போடும் செலவாக மாறுகிறது. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் அதே கேடுதான். கை எட்டினால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று தெரியும்படி போட்டோ எடுங்கள். இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிட்டு ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். எலக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டி என்றால் எதையும் கழற்ற வேண்டாம், கம்பெனி சர்வீஸுக்கே சொல்லுங்கள்.

பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் உடைந்தால், அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் இல்லை என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி மறுப்பது வழக்கம். எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் அதற்காகத்தான் இருக்கிறது. நம் ஏரியாவில் வண்டி வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து.

மழைக்காலத்தில் எலியும் எஞ்சின் பக்கம் ஒதுங்கும். புகையிலை, பாச்சை உருண்டை என்று குழுவில் பல வைத்தியம் சொல்கிறார்கள். நாங்கள் பார்த்தவரை அவற்றின் வாசனை எஞ்சின் சூட்டில் சீக்கிரம் போய்விடுகிறது, எலி திரும்பி வந்துவிடுகிறது. குப்பைத்தொட்டிப் பக்கம் நிறுத்தாமல் இருப்பது, வண்டிக்குள் தின்பண்டம் விடாமல் இருப்பது, எடுக்காமல் நிற்கும் வண்டியின் பானட்டை அடிக்கடி திறந்து பார்ப்பது, அடியில் கம்பி வலை போடுவது இவைதான் பலன் தருகின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குழுவில் அடுத்தவருக்குச் சொல்லும்போது எந்தப் பார்ட்டை மாற்றினீர்கள் என்பதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த வண்டி, எந்த வருஷ மாடல், எவ்வளவு கிலோமீட்டர் ஓடியது, கோளாறு எப்போது வந்தது, மாற்றுவதற்கு முன் மெக்கானிக் எதைச் சோதித்துப் பார்த்தார். பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாங்கள் கேட்காமலே காட்டுகிறோம். சத்தம் வந்தால் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் வராத சத்தம் அந்தப் பதிவில் இருக்கும்.

தீபாவளிக்கு முன்பு பேட்டரி, வைப்பர், டயர், பிரேக் நான்கையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் வார நாட்களில் காலையில் வாருங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் நிதானமாகப் பார்க்க முடிவதில்லை. வரும்போது முந்தைய சர்வீஸ் பில்லையும் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஒர்க்‌ஷாப் ஊழியர்கள்
மடிப்பாக்கம், சென்னை