படுக்கையறை யன்னலுக்கு ஸ்குரூ அடிக்காதீர்கள்: லண்டனில் வீடு வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீட்டுக்காரர்களுக்கு,

ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், வெம்பிளி, ஹரோ, டூட்டிங் என்று லண்டனின் நாலா பக்கமும் வீடு வாங்கி, அதை எங்கள் ஆட்களுக்கே வாடகைக்கு விட்டிருக்கிற அண்ணைமார், அக்காமார் எல்லோருக்கும் இந்த மடல். டபிள் கிளேசிங் யன்னல், கதவுகளின் பூட்டு, கைபிடி, பிணைச்சல் திருத்துவது என் தொழில். உங்களில் பலருடைய வீடுகளுக்கு வந்து வேலை செய்திருக்கிறேன், உங்கள் கையால் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். அந்த உரிமையோடுதான் எழுதுகிறேன்.

பல வருடங்களாக ஒரே விஷயத்தை வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். மாடிப் படுக்கையறையின் யன்னல் பூட்டு பழுதாகிவிடும். அதைத் திருத்தாமல், யன்னல் கதவினூடாக நிலைக்குள் இரண்டு நீள ஸ்குரூவை இறக்கி ஒரேயடியாக மூடிவிடுவார்கள். குளிர் வராது, கள்ளன் வரமாட்டான், செலவும் இல்லை என்று நினைக்கிறார்கள். அது ஆட்கள் படுத்துறங்கும் அறை என்பதை மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

லண்டனின் பழைய வரிசை வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கீழே பின்பக்கம் குசினி. முன் அறையைத் தடுத்துப் படுக்கையறையாக்கி இருப்போம். மாடிப்படி முன்கதவடியில் வந்து இறங்கும். இரவு குசினியில் தீப்பிடித்தால் புகை முதலில் ஏறுவது அந்தப் படியால்தான். மேலே படுத்திருப்பவருக்கு அறைக் கதவைத் திறந்து வெளியே வர வழியே இருக்காது. மிஞ்சுவது யன்னல் மட்டும். அதனால்தான் இங்கிலாந்தின் கட்டட விதிகளில், தீப் பாதுகாப்புப் பகுதி, தப்பிச்செல்லும் யன்னலுக்கு அளவே வைத்திருக்கிறது: திறந்தால் கிடைக்கும் இடைவெளி குறைந்தது 0.33 சதுர மீட்டர், உயரத்திலும் அகலத்திலும் 450 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, அந்த இடைவெளியின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1100 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வளர்ந்த ஓர் ஆள் நுழைந்து வெளியேறுவதற்கான அளவு அது. இரண்டு ஸ்குரூ அந்த வழியை அடைத்துவிடும். கண்ணாடியை உடைக்கலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இரட்டைக் கண்ணாடியை இருட்டுக்குள், புகைக்குள், கையில் அகப்பட்டதால் அடித்து உடைப்பது லேசான காரியம் இல்லை. உடைந்தாலும் விளிம்பெல்லாம் கத்திபோல நிற்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதற்குள்ளால் எப்படி இறங்குவது?

சரி, பூட்டு ஏன் பழுதாகிறது? "வாடகைக்கு இருக்கிறவை இழுத்து அடிச்சு உடைச்சுப்போட்டினம்" என்றுதான் பெரும்பாலும் எனக்குச் சொல்லப்படுகிறது. நான் கழற்றிப் பார்க்கும்போது தெரிவது வேறு கதை.

பிளாஸ்டிக் யன்னலின் கைபிடியைத் திருப்பும்போது, அதன் பின்னால் இருக்கும் 7 மில்லிமீட்டர் சதுரக் கம்பி சுழல்கிறது. யன்னல் கதவின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு நீளமான உலோகப் பட்டை ஓடும். அதன் நடுவில் உள்ள சின்னப் பெட்டிதான் கியர்பொக்ஸ். கம்பி சுழல, கியர்பொக்ஸ் அந்தப் பட்டையை மேலும் கீழும் நகர்த்தும். பட்டையில் உள்ள குமிழ்கள் நிலையில் உள்ள கொக்கிகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இவ்வளவுதான் பூட்டு.

ஆனால் பழுது தொடங்குவது பெரும்பாலும் பூட்டில் இல்லை, பிணைச்சலில். யன்னல் கதவைத் தாங்குவது மேலும் கீழும் உள்ள உராய்வுப் பிணைச்சல்கள். காற்றோடு வரும் தூசி, தெருப் புழுதி, மழைநீர் எல்லாம் அந்தப் பிணைச்சல் வழுக்கி ஓடும் தண்டவாளத்துக்குள்தான் சேரும். வருடக்கணக்காக ஒரு சொட்டு எண்ணெய் காணாமல் அது இறுகும், தேயும், வளையும். அப்போது கதவு ஒரு சில மில்லிமீட்டர் கீழே தொங்கும். குமிழ் கொக்கிக்கு நேரே வராது. வீட்டில் இருப்பவர் கைபிடியை அழுத்தித் திருப்புவார். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டிவரும். ஒருநாள் கியர்பொக்ஸின் உள்ளே உள்ள மெல்லிய உலோகம் வெடித்துவிடும். அன்றைக்கு அந்தக் கைபிடியைப் பிடித்திருந்தவர்மேல் பழி விழும். வருடத்துக்கு ஒருமுறை பிணைச்சலையும் குமிழையும் துடைத்து, சிலிக்கோன் ஸ்பிரேயோ மெல்லிய இயந்திர எண்ணெயோ விட்டிருந்தால் அந்தப் பூட்டு இன்னும் எத்தனையோ வருடம் ஓடியிருக்கும்.

போன குளிர்காலத்தில் கிழக்கு லண்டனில் ஒரு மாடி அறை. தாய், தகப்பன், கைக்குழந்தை மூவரும் அதற்குள். யன்னல் கதவின் ஓரத்தில் இரண்டு ஸ்குரூத் தலைகள், மேலே வெள்ளைச் சிலிக்கோன் பூசியிருந்தது. கண்ணாடியின் உட்பக்கம் ஈரம் ஒழுகி, நிலையின் அடியில் உள்ள கறுப்பு ரப்பரில் பூஞ்சணம் படர்ந்து, சுவரில் குழந்தையின் கட்டில் உயரம்வரை ஏறியிருந்தது. அவர்கள் என்னைக் கூப்பிட்டது தங்கள் காசில். வேலை முடிந்ததும் அந்தத் தம்பி சொன்னார், "அண்ணை, வீட்டுக்காரருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

இந்த மடலை எழுத வைத்தது அந்த வார்த்தைதான். எங்கள் ஆட்களுக்கு எங்கள் ஆட்களே வீடு கொடுப்பது பெரிய விஷயம். புதிதாக வந்த மாணவருக்கும், முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்யும் பிள்ளைக்கும், விசா முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கும் வேறு யார் அறை தருவார்கள்? வங்கிக் கடிதம் கேட்காமல், உத்தரவாதம் கேட்காமல், ஊர்ப்பெயரைக் கேட்டே வீட்டுத் திறப்பைக் (சாவியைக்) கொடுத்தவர்கள் நீங்கள். நன்றிக்கடன் அவர்கள் வாயைக் கட்டிவிடுகிறது. கவுன்சிலுக்குப் போனால் வீடு போய்விடும், கோயிலில் முகம் பார்க்க முடியாது, உதவி செய்த மாமாவுக்குக் கெட்ட பெயர் என்று பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் முறைப்பாடு செய்யவில்லை என்பதற்காக வீட்டில் குறை இல்லை என்று நினைக்காதீர்கள். நீங்களாகப் போய்க் கேட்டால்தான் சொல்லுவார்கள். சில பேர் கேட்டாலும் சொல்லமாட்டார்கள், நீங்களே யன்னலைத் திறந்து பார்க்க வேண்டும்.

செலவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பயம் அங்கேதான் இருக்கிறது. யன்னல் பூட்டின் பட்டையும் கியர்பொக்ஸும் சேர்ந்த பாகம் சாதாரண வகையாக இருந்தால் 30 பவுணுக்குள் வரும். ஒரு சோடி பிணைச்சலும் ஏறக்குறைய அப்படித்தான். கூலியோடு சேர்த்தாலும் புது யன்னலின் விலையில் சின்னப் பங்குதான். "இந்தக் கொம்பனி மூடிவிட்டது, பாகம் கிடைக்காது, முழு யன்னலையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லி நாலு இலக்கத்தில் விலை எழுதித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம். யன்னலைப் பொருத்திய கொம்பனி மூடியிருக்கலாம், ஆனால் பூட்டுச் செய்தவர்கள் வேறு. பெரும்பாலான பூட்டுகளுக்கு அதே அளவில் மாற்றுப் பாகம் சந்தையில் உண்டு. பழைய பாகத்தில் பொறித்திருக்கும் பெயர், பட்டையின் நீளம், கைபிடிக் கம்பியின் நடுவிலிருந்து பட்டையின் முகப்புவரை உள்ள தூரம், பிணைச்சல் என்றால் அதன் நீளமும் மடித்த தடிப்பும் 13 மில்லிமீட்டரா 17 மில்லிமீட்டரா என்பதும் தெரிந்தால் போதும். கண்ணாடிகளுக்கு இடையில் ஈரம் படிந்து மங்கியிருந்தால்கூட நிலையைக் கழற்றத் தேவையில்லை, கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றலாம். பூட்டு, பிணைச்சல் மாற்ற, யன்னல் வேலை கட்டட விதிப்படி நடந்தது என்று காட்டும் ஃபென்சா சான்றிதழும் வேண்டியதில்லை. அது முழு யன்னலையும் மாற்றும்போது வருகிற கதை.

வேலைக்கு வருபவரிடம் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. படுக்கையறை யன்னலில் முன்பு இருந்தது தப்பிச்செல்லும் வகைப் பிணைச்சல் என்றால், திரும்பவும் அதையே போடச் சொல்லுங்கள். அது கிட்டத்தட்ட 90 பாகை வரை திறந்து முழு வழியையும் விடும். வெளிக்கண்ணாடியைத் துடைக்க வசதியாக, கதவு நடுப்பக்கம் நகர்ந்துவரும் பிணைச்சல் ஒன்றும் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அவசரத்தில் அதை மாற்றிப் போட்டால் திறந்து கிடைக்கும் வழி குறுகிவிடும்.

பிள்ளை விழுந்துவிடும் என்ற பயத்தில் ஸ்குரூ அடித்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்கென்றே தடுப்பி இருக்கிறது. யன்னல் 100 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காமல் பிடித்துக்கொள்ளும், பெரியவர் கையால் விடுவித்தால் முழுவதும் திறக்கும். படுக்கையறைக்குத் திறப்பு இல்லாமல் விடுவிக்கக்கூடிய வகையைப் போடுங்கள். கைபிடியிலேயே பூட்டு இருக்கும் யன்னல் என்றால் திறப்பை அறையிலேயே, பிள்ளைக்கு எட்டாத, பெரியவருக்குக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிவிடுங்கள். பல வீடுகளில் யன்னல் பூட்டியிருக்கும், திறப்பு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம் முன்கதவு. கைபிடியை மேலே தூக்கித் திறப்பால் பூட்டுகிற பிளாஸ்டிக் கதவில் கொக்கி, ரோலர், பொல்ட் என்று பல இடத்தில் பிடிக்கும் பூட்டு இருக்கும். கைபிடியைத் தூக்கப் பலம் வேண்டியிருந்தால், திறப்பைத் திருப்பக் கதவைத் தோளால் தள்ள வேண்டியிருந்தால், கதவு இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிணைச்சலைச் சரிசெய்தோ, கண்ணாடியின் ஓரங்களில் முண்டுத் துண்டு மாற்றி வைத்தோ கதவைத் தூக்கிவிடலாம். அந்த நேரத்தில் கூப்பிட்டால் பாகமே தேவைப்படாது. இன்னும் ஆறு மாதம் இழுத்தால் கியர்பொக்ஸ் போய்விடும், கதவு பூட்டியபடியே இறுகிவிடும். திறப்புப் போடும் உருளையையும் பாருங்கள். அது கைபிடித் தகட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றால், கள்ளர் அதைப் பிடித்து முறித்துக் கதவைத் திறந்துவிடுவார்கள். இப்படி முறிப்பதைத் தாங்குவதற்கென்று உள்ள டி.எஸ். 007 தரத்தில் மூன்று நட்சத்திர உருளை போடுங்கள், உட்பக்கம் கையால் திருகித் திறக்கும் வகையாக. தீ வந்தால் திறப்பைத் தேடி ஓட வேண்டியிருக்காது. பழைய ஆட்கள் போய்ப் புதிய ஆட்கள் வரும்போதும் உருளையை மாற்றுங்கள், எத்தனை திறப்பு வெட்டப்பட்டு ஊரில் திரிகிறது என்று உங்களுக்கே தெரியாது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1985 ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகையாளர் சட்டத்தின் 11 ஆம் பிரிவுப்படி வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் பழுதில்லாமல் வைத்திருப்பது உங்கள் கடமை. சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் எதை எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அந்தக் கடமை கைமாறாது. 2018 இல் வந்த சட்டம், வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. ரொச்டேலில் பூஞ்சணம் பிடித்த வீட்டில் இருந்து, 2020 டிசம்பரில் இறந்துபோன அவாப் இஷாக்குக்கு வயது இரண்டு. ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்யச் சொல்லி அவன் பெயரில் வந்த சட்டம் 2025 ஒக்டோபரிலிருந்து சமூக வீடுகளுக்கு (கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் தரும் வீடுகளுக்கு) நடைமுறையில் இருக்கிறது, தனியார் வாடகை வீடுகளுக்கும் அதைக் கொண்டுவர 2025 ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதே சட்டத்தால், காரணம் சொல்லாமல் ஆளை எழுப்ப விட்ட, 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு 2026 மே 1 முதல் செல்லாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ, வெவ்வேறு குடும்பமாக அறை எடுத்து இருந்தால் லைசன்ஸ் வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. நான் கவுன்சிலின் ஆள் இல்லை, யாரையும் காட்டிக்கொடுக்க எழுதவும் இல்லை. ஆனால் தேய்ந்த பிணைச்சலுக்கு வாடகையாளரின் டெபொசிட்டில் கை வைப்பது அநியாயம். பாவிக்கப் பாவிக்கத் தேய்வதுதான் உலோகம். அதைப் பாவிக்கத்தான் மாதம் மாதம் வாடகை தருகிறார்கள்.

இந்தக் கிழமை வாடகை வாங்கப் போகும்போது ஒரு பத்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். அறையில் இருப்பவரிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு யன்னலையும் முழுவதும் திறந்து மூடிப் பாருங்கள். ஸ்குரூ இருந்தால் அன்றைக்கே கழற்றுங்கள், ஓட்டையை வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்துக்கொள்ளலாம். கழற்றிய பிறகு யன்னல் மூடி நிற்காவிட்டால், பூட்டுத் திருத்துபவரை அடுத்த நாளே வரச் சொல்லுங்கள். பூட்டியபடி இறுகிய யன்னலை நீங்கள் நெம்ப வேண்டாம், நிலை வெடித்துவிடும். கைபிடியைக் கழற்றி உள்ளே கருவி விட்டுத் திறக்க முறை இருக்கிறது. என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, உங்கள் பகுதியில் இந்த வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கைபிடி, பூட்டுப் பட்டை, பிணைச்சல் மூன்றையும் படம் எடுத்து அனுப்பிவிட்டு விலை கேளுங்கள், ஒரே வரவில் வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனில் யன்னல், கதவு திருத்தும் ஒருவன்