ஆசிரியர் நலச் சங்கம், மும்பை: 2024-25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் பொங்கல் விழா நன்றாகவே நடந்தது. செப்டம்பர் 5 அன்று ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குச் சால்வை அணிவித்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நிர்வாகக் குழு இந்த ஆண்டு அதிகம் பேசியது ஒரே விஷயத்தைத்தான். தாராவி, செம்பூர் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் ஆசிரியர்கள் நிலைப்பதில்லை. ஜூனில் சேர்கிறவர் தீபாவளி விடுமுறை முடிந்ததும் வருவதில்லை. நிர்வாகிகளைக் கேட்டால், "சம்பளம் பத்தலைன்னு போறாங்க சார்" என்கிறார்கள். விலகிய நம் உறுப்பினர்களைக் கேட்டோம். சம்பளத்தை அவர்கள் இரண்டாவதாகத்தான் சொன்னார்கள். முதலில் வந்தது ஃப்ரீ பீரியட். டைம்டேபிளில் அது இருக்கும். காலையில் யாராவது லீவு போட்டால் அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ப்ராக்ஸி பீரியட் ஆகிவிடும். திருத்த வேண்டிய நோட்டுகள் கல்யாண் லோக்கல் ரயிலில் கூடவே வரும். உட்கார இடம் கிடைத்தால்தான் திருத்தல். வீட்டுக்குப் போனால் பெற்றோர் வாட்ஸ்அப் குழு.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று இருக்கிறது. பாடம் தயாரிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். இதைக் காட்டி ஒரு பள்ளி நிர்வாகத்திடம் பேசினோம். தினம் ஒரு பீரியடில் கைவைப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். பரீட்சை சமயத்தில் மீறினார்கள், சரி. ஆனாலும் அங்கே ஆண்டின் நடுவில் யாரும் விலகவில்லை. ஒரு வருஷத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று துணைத்தலைவர் சொன்னார்; நியாயம்தான். இன்னொரு பள்ளியில் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நவம்பர் 2024 சட்டமன்றத் தேர்தல் பணி பற்றியும் புகார்கள் வந்தன. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் மூன்றுக்கும் அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு இடம் தருகிறது. அதனால் நாம் செய்யக்கூடியது குறைவு. வீடு வீடாக அட்மிஷன் பிடிக்க அனுப்புவது அந்த மூன்றில் எதிலும் சேராது.

அப்புறம், கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அது உண்டு. கிராஜுவிட்டிச் சட்டத்துக்கு 2009இல் வந்த திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து கடைசியாக 26,000 ரூபாய் வாங்கியவருக்கு, பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15,000 ரூபாய். இது தெரியாமல் நாலாவது வருஷம் கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் சங்கத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

மே மாத விடுமுறைச் சம்பளத்தைத் தவிர்க்கவே ஆண்டுதோறும் புது நியமனக் கடிதம் கொடுக்கும் பழக்கத்தை வரும் ஆண்டில் எடுத்துப் பேசக் குழு முடிவு செய்திருக்கிறது. அப்படிப்பட்ட கடிதம் வைத்திருப்பவர்கள் நகல் தந்து உதவவும்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன் பொருளாளரைப் பார்க்கவும்.

செயலாளர்