கயலுக்கு, உன் பழைய மடிக்கணினியிலிருந்து

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கயலுக்கு,

தீபாவளிக்கு வந்தபோது, "இனி இது உதவாது அப்பா, காயலாங்கடைக்குப் போட்டுவிடுங்கள்" என்று விட்டுப்போனாயே, அந்த மடிக்கணினியில்தான் இதை எழுதுகிறேன். நீ கல்லூரியில் சேர்ந்தபோது தவணை கட்டி வாங்கியது. தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

அதில் பழுது என்று எதுவும் இல்லை அம்மா. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். உன்னுடையது ஆறாம் தலைமுறை. அவ்வளவுதான் அது செய்த குற்றம்! கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் புதிது வாங்கச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்துக் கடையில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகமான 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

பின்மூடியில் பத்துத் திருகுகள், சில நீளம், சில குட்டை. மாறிப்போகாமல் இருக்க, அட்டையில் மூடியின் படம் வரைந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தேன். விசிறிக்குள் தூசி பஞ்சாக அடைத்திருந்தது. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டியைப் பொருத்தினேன்.

பிறகு விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளங்களான உபுண்டு, டெபியன், லினக்ஸ் மிண்ட் மூன்றையும் பென் டிரைவிலிருந்தே, நிறுவாமல் ஓட்டிப் பார்த்தேன். 4 ஜிபி நினைவகத்தில் உபுண்டு திணறியது. டெபியன் 1993-இலிருந்து தன்னார்வலர்கள் கட்டிக்காத்து வருவது, நம்பகமானது. ஆனால் புதிய பதிப்புகள் நிதானமாகத்தான் வரும். மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு உனக்குப் பழகிய முகம்போல இருக்கும், அதையே நிறுவினேன். முதலில் வைஃபை வேலை செய்யவில்லை. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து இணையம் எடுத்து, வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்கியதும் சரியாகிவிட்டது.

தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பையும் சேர்த்திருக்கிறேன். 'அம்மா' என்று எழுத நான்கே தட்டு. 'ம' அடுத்தடுத்து இரண்டு விழுந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். வினாத்தாள் அடிக்க இதைவிட வசதி உனக்கு வேறு வேண்டாம். வேர்டுக்குப் பதிலாக இதில் இருக்கும் லிப்ரே ஆபிஸில் வேர்டு கோப்பின் அட்டவணைகள் சில நேரம் நகரும். பள்ளிக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பு.

மாப்பிள்ளை ராஸ்பெர்ரி பை 5 என்ற கையளவுக் கணினிப் பலகை வாங்கலாம் என்றாராமே. நல்ல பலகைதான், பேரன் விளக்கு எரியவைத்துப் பழக அதைப்போல் வேறில்லை. ஆனால் அன்றாட வேலைக்கு என்றால் திரை, விசைப்பலகை, 27 வாட் மின்னிணைப்பி எல்லாம் தனியே வாங்க வேண்டும். நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது, பின்னால் கூட்ட முடியாது. அதில் ஓடும் இயங்குதளம் திறந்த மூலம்தான், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்; அதைத் துவக்கிவைக்கும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள் அப்படி இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய, யாரும் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-5 என்ற திறந்த சிப் வடிவமைப்பில் நம் சென்னை ஐஐடி 'சக்தி' சிப்பைச் செய்திருக்கிறது. அப்படிப்பட்ட சிப்பில் ஓடும் மடிக்கணினியை உன் மேசையில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை புதிதாக எதையும் வாங்காதே.

பேட்டரி ஒரு மணி நேரம்தான் நிற்கிறது, மாற்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பொங்கலுக்குள் மதுரைக்குக் கொண்டுவருகிறேன். சார்ஜர் கம்பியின் கழுத்தில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறேன், அதைப் பிரித்துவிடாதே.

அன்புடன்,
அப்பா