ஐந்து வயதில் ஒரு மொழியைக் கைவிட வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மகள் வரும் ஜனவரியில் முதல் வகுப்பில் சேரவிருக்கிறாள். மொரிசியஸ் பள்ளிகளில் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகியவற்றோடு தமிழ், இந்தி, உருது, பிரெஞ்சிலிருந்து கிளைத்து இந்நாட்டில் பரவலாகப் பேசப்படும் கிரியோல் முதலியவற்றுள் ஒன்றை விருப்பப் பாடமாகப் பெற்றோர் குறித்துக் கொடுக்க வேண்டும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நான் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள். என் கணவர், கிரியோல் என்றே அழைக்கப்படும் ஆப்பிரிக்க வழிச் சமூகத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். தமிழும் கிரியோலும் ஒரே பாடவேளையில் நடப்பதால், ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டுவிட வேண்டியதுதான்.

வீட்டில் பேசுவது கிரியோல்தானே, அதைப் பள்ளியில் வேறு படிக்க வேண்டுமா என்று என் பிறந்த வீட்டார் கேட்கிறார்கள். ஆனால் அம்மொழி 2012இல்தான் தொடக்கப் பள்ளிக்குள் பாடமாக நுழைந்தது. கொழுந்தனார் மகனின் பாடநூலை மடியில் வைத்துக்கொண்டு, அதுவரை பேச மட்டுமே அறிந்திருந்த சொற்களை என் மாமியார் விரல் வைத்து உரக்கப் படித்ததைப் பார்த்த எனக்கு, அது தேவையற்ற பாடம் என்று சொல்ல மனம் வரவில்லை. தமிழை விடவும் முடியாது. என் தம்பி திருப்புகழை இன்றும் ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுகிறான். என் மகளாவது அதைத் தமிழ் எழுத்திலேயே படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தைப்பூசத்தன்று என் அக்காளுடன் கோர் த கார்ட் மலைக் கோவிலுக்குப் படியேறும் இப்பிள்ளை, செப்டம்பரில் தன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு செந்த் குருவாவிலுள்ள, கத்தோலிக்கப் பாதிரியார் பேர் லவாலின் கல்லறைக்கும் போகிறாள். இரண்டும் அவளுக்குத் தன் வீட்டு வழக்கமே. 1972க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவரின் சமூகம் கேட்கப்படுவதில்லை. அப்படியிருக்க, எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று ஐந்து வயதுக் குழந்தையைக் கேட்பது போல ஒரு படிவம் அமைந்திருப்பது எனக்குப் பெரும் வேதனை அளிக்கிறது. வகுப்பில் பிரித்து உட்கார வைக்கப்படும்போது அக்கேள்வி அவள் மனத்திலும் எழுமே என்பதுதான் எங்கள் இருவரின் கவலையும்.

கிரியோலுக்குத் தனிப் பாடவேளை ஒதுக்கி, விரும்பும் பிள்ளைகள் இரண்டையும் படிக்கக் கல்வி அமைச்சு வழி செய்ய வேண்டும். கூடுதல் ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள் என்பது உண்மையே. எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இதனால் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துவிடுவார்கள் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வேன்: எங்களைப் போன்ற கலப்புக் குடும்பங்களில் பலர் தமிழைக் குறிக்கத் தயங்குவதே, மற்றதை இழக்க நேரும் என்பதால்தான். தமிழ் அமைப்புகளே முன்வந்து இக்கோரிக்கையை அமைச்சிடம் எழுப்ப, தங்கள் இதழ் துணை நிற்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
காத்ர் போர்ன், மொரிசியஸ்