களவுப் பிரதிகளும் நம்மவர் சினிமாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் ஒரு தமிழ்ப் படம் வெளியாகும் நாளிலேயே கொழும்புத் திரையரங்குகளிலும் திரையிடப்படுவது வழமை. ஆயினும் அதன் களவுப் பிரதி ஓரிரு நாட்களுக்குள் வெள்ளவத்தை வீடுகளின் கைத்தொலைபேசிகளுக்கு வந்துவிடுவது மிகுந்த வேதனை தருகின்றது. பெரும் நிறுவனங்கள் தொலைக்காட்சி, ஓடிடி உரிமைகளை விற்று இழப்பில் ஒரு பகுதியையாவது ஈடுசெய்யலாம். சில அரங்குகளையும் சில நாள் வசூலையுமே நம்பிக் கடன்பட்டுப் படமெடுக்கும் நம் நாட்டுத் தமிழ்க் கலைஞருக்கோ முதல் வாரம் போனால் முதலே போய்விடும். மங்கிய காட்சியோடும் இரைச்சலோடும் பார்ப்பவருடைய கருவிக்குள், களவுப் பிரதிகளை வெளியிடும் இணையத்தளங்களின் விளம்பரங்கள் வழியாக வைரஸும் நுழையக்கூடும். திரையிடப்படும் படத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் பதிக்கப்படும் அடையாளக் குறியைக் கொண்டு, எந்த அரங்கில் களவாகப் பதியப்பட்டது என்பதைக் கண்டறிய முடிகின்ற இக்காலத்தில், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை உரியவர்கள் இறுக்கமாகச் செயற்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
திரைப்பட ஆர்வலர்,
கொழும்பு 06