படத்தின் பின்பக்கத்தையும் காட்டுங்கள்

பழைய புகைப்படங்களை இணையத்தில் ஏற்றும் ஆவணக் காப்பகங்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் ஒரு கோரிக்கை. ஒரு படத்தை ஏற்றும்போது அதன் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து கூடவே போடுங்கள்.

ஒரு நீராவி இன்ஜின் முன்னால் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கும் படம் ஒன்றைப் புத்தகத்தில் சேர்க்க நினைத்து, அதன் பூர்விகத்தைத் தேடி நான்கு மாதம் அலைந்தேன். கூகுள் லென்ஸில் போட்டால் பக்கம் பக்கமாக வந்தது. எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவை. டின்ஐ என்ற படத் தேடுபொறியில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்திப் பார்த்தேன். அது காட்டும் தேதி, அதன் கண்ணில் படம் முதலில் பட்ட நாள்தான். படம் வெளியான நாள் அல்ல. அப்புறம் அளவில் பெரிய பிரதியைத் தேடினேன். கைமாறிக் கைமாறி வரும் படங்களில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், கோப்புக்குள் எழுதிவைத்த விவரங்களும் பெரும்பாலும் போயிருக்கும். பெரிய பிரதியில் ஓரம் இருந்தது. கீழ் மூலையில் வெள்ளை எழுத்தில் ஓர் எண். நெகட்டிவில் மையால் எழுதினால் அச்சில் அப்படித்தான் வெள்ளையாக விழும். ஆனால் பாதி எண்தான் தெரிந்தது; மீதியின் மேல் ஒரு நிறுவனத்தின் வாட்டர்மார்க், அதாவது படத்தின் குறுக்கே பதித்த அவர்கள் பெயர்.

அவர்களுக்கு எழுதினேன். உரிமை தங்களுடையது என்று பதில் வந்தது. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு அங்கே வேலை செய்யும் ஒருவர், நன்றாக இருக்கட்டும் அவர், படத்தை எடுத்துத் திருப்பி, போனில் பிடித்து அனுப்பினார். ஊதா மையில் ஒரு பத்திரிகையின் ரப்பர் ஸ்டாம்ப், தேதியோடு. அதன் கீழே பென்சிலில் அதே எண், முழுசாக. ஓரத்தில் குறிப்புச் சீட்டு ஒட்டியிருந்த பழுப்புப் பசைத் தடம். அந்தத் தேதியை ஒட்டிய இதழ்களைப் புரட்டினேன். இரண்டாவது இதழிலேயே படம் இருந்தது, எடுத்தவர் பெயரோடு.

இந்தப் பெயரும் தேதியும் இல்லாமல் காப்புரிமைக் கணக்கையே தொடங்க முடியாது. அமெரிக்காவில் பழைய படங்களுக்கு, வெளியான ஆண்டிலிருந்து அதிகபட்சம் 95 ஆண்டு காப்புரிமை. வெளியாகாமல் பெட்டிக்குள் கிடந்த படத்துக்குக் கணக்கே வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக எடுத்தவர் இறந்து 70 ஆண்டு. இந்தியாவில் முன்பு வெளியானதிலிருந்து 60 ஆண்டு என்று இருந்தது; 2012 திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவர் இறந்ததிலிருந்து 60. விவரம் எதுவும் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எதைக் கணக்கிடுவார்? நேர்மையாக அனுமதி கேட்க நினைப்பவர்தான் கடைசியில் படத்தைக் கைவிடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் கையில் இருப்பது வேறு, அதன் காப்புரிமை இருப்பது வேறு. ஸ்கேன் செய்ததாலேயே புது உரிமை பிறந்துவிடாது. காப்புரிமை முடிந்து பொதுச் சொத்தாகிவிட்ட ஓவியத்தை அச்சு அசலாகப் படம் பிடித்தால் அதற்குத் தனிக் காப்புரிமை இல்லை என்று 1999இல் அமெரிக்காவில் பிரிட்ஜ்மேன் வழக்கில் தீர்ப்பானது. பழைய படத்தின் மேல் உங்கள் பெயரைக் குறுக்கே போடும்போது எடுத்தவரின் தடயத்தைத்தான் மறைக்கிறீர்கள்.

உரிமை யாருக்கு என்று தெரியவில்லையா? சரி, அப்படியே எழுதுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. 2008இல் ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தின் 'காமன்ஸ்' பகுதியில் படங்களை ஏற்றிய அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், 'நாங்கள் அறிந்தவரை காப்புரிமைத் தடை இல்லை' என்ற பொருளில்தான் எழுதியது. பார்த்தவர்கள் இடம், ஆள், தேதி என்று சொல்லச் சொல்ல, நூலகம் தன் பட்டியலைத் திருத்திக்கொண்டது.

அந்த இன்ஜின் படம் இன்றும் அதே வாட்டர்மார்க்கோடு, 'எடுத்தவர் பெயர் தெரியவில்லை' என்ற குறிப்போடுதான் இருக்கிறது. இதழின் பக்கத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
பழைய படங்களைத் தேடும் ஒரு வாசகர்